ராடில் வைத்த சந்தனப் பொட்டு

பெரிய ஆஸ்பத்திரி,
ஊட்ரம் ரோடு, சிங்கப்பூர்.
14 நவம்பர் 1966

அன்புள்ள மருதப்பனுக்கு,

ஆம்ப்ரோஸ் எழுதிக்கொள்வது. நான் உயிரோடு, நலமாக இருக்கிறேன். முதல் வரியில் இதைத்தான் எழுத வேண்டும் என்று ஆனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், எழுதிவிட்டேன். நீயும் முத்தாயி அக்காவும் பிள்ளைகளும் சுங்கை சிப்புட்டில் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

அடப்பாவி, இப்படியா செய்வாய்? எத்தனை வருஷமாக நான் ஓட்டுகிற புல்டோசரை நீ பழுது பார்க்கிறாய். என் வீட்டு முன்னறையில்தான் பாய் விரித்துப் படுக்கிறாய். ஆனி வைக்கிற மீன் குழம்பில் நடுத்துண்டு யாருக்கு என்று, கட்டின புருஷன் என்னோடு சண்டை போடுகிறாய். அப்படிப்பட்டவன், நான் மயக்கம் தெளிவதற்குள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ரயிலேறிவிட்டாய். நான் கண் திறந்து முதலில் உன்னைத்தான் தேடினேன். ஆனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்புறம்தான் அழுதுகொண்டே சொன்னாள். ஆயுத பூஜைக்கு முன்னாலேயே உன் பெரியப்பா இறந்ததாகத் தந்தி வந்துவிட்டதாம். நீ யாருக்கும் சொல்லவில்லையாம். வருஷா வருஷம், கடலைத் தூர்க்கிற நம் பிடோக் சைட்டில் மெஷின்களுக்குப் பூஜை போடுகிறவன் நீ. எல்லோரும் உன்னையே எதிர்பார்த்து நிற்கும்போது தீட்டு என்று சொல்லி எப்படி ஒதுங்குவது என்று பேசாமல் சந்தனத்தைக் கரைத்துவிட்டாயாம். அந்தத் தீட்டுக் கைதான் என் மெஷினைக் கெடுத்தது, அதனால்தான் பிளேடு என் கால்மேல் இறங்கியது, இனி என் கை பட்டது எதுவும் யாருக்கும் விளங்காது என்று ஆனியிடம் சொல்லிவிட்டுப் போனாயாம்.

நான் வேதக்காரன். உங்கள் தீட்டு விவரமெல்லாம் எனக்கு முழுசாகத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவல் கடலையை அள்ளி அள்ளித் தின்றவர்களில் நானும் ஒருவன். எனக்கு வயிற்றுவலிகூட வரவில்லை.

அன்று நடந்தது இவ்வளவுதான். பிளேடைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, அதன் கீழ்விளிம்பு போல்ட்டுகளை முடுக்கக் குனிந்தேன். கட்டையும் வைத்துத்தான் இருந்தேன். புதுசாகக் கொட்டிய மணல் என்பதால் கட்டை சாய்ந்துகொண்டது. சிலிண்டரில் புஸ்ஸென்று ஒரு சத்தம், எண்ணெய் பீச்சியடித்தது. பிளேடு இறங்கிவிட்டது. ஏன் என்று அஜீஸ் பாய் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒர்க் ஷாப் அவர் பொறுப்பு, காரணம் தெரியாமல் விடுகிற மனிதர் அல்ல. அவர் சொல்லும் வரை நீ எதையும் முடிவு கட்டாதே.

காலைப் பற்றிக் கேட்பாய். கட்டுப் போட்டிருக்கிறார்கள். கஞ்சி கொடுக்கிறார்கள். நர்ஸ் திட்டுகிறாள். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் எனக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துத் தருகிறார். வேறென்ன வேண்டும்?

பதில் போடு. இரண்டு வரியாவது போடு.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும்
ஆம்ப்ரோஸ்


கெர்பாவ் ரோடு,
சிங்கப்பூர்.
5 டிசம்பர் 1966

என் அன்பு மருதப்பா,

ஆண்டவர் கிருபையால் வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. முத்தாயி அக்காதான் யாரையோ பிடித்து ஒரு கார்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி சாப்பிடுகிறான், ஆனால் யாரோடும் பேசுவதில்லை, சாமி அறைப் பக்கம் போவதில்லை, மாமா கடை மிஷின் பழுதென்று கூப்பிட்டாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதியிருந்தது. அதை ஆனி சத்தம் போட்டுப் படித்துக் காட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆகையால் இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். உட்கார்ந்து படி, அக்காவுக்கும் படித்துக் காட்டு.

நான் ஒரு அதிசயம் பார்த்தேன் மருதப்பா. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு ஆறாது.

போன வாரம் அஜீஸ் பாய் லாரி அனுப்பி என்னை சைட்டுக்கு வரவழைத்தார். ஓர் எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் சாக்கு விரித்து, மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்தார். என் மெஷினின் இடதுபக்க சிலிண்டர் மேசைமேல் படுத்திருந்தது. மருதப்பன் இல்லாமல் இதைத் திறக்க மனசில்லை, நீயாவது கூட இருக்க வேண்டும், உன் காலை வாங்கியது என்ன என்று உன் கண்ணால் பார் என்று சொல்லிவிட்டு வாய்ப்பக்க மூடியைக் கழற்றினார்.

இத்தனை வருஷம் அந்த மெஷினை ஓட்டியிருக்கிறேன். நீ கழற்றிப் பூட்டும்போது பக்கத்தில் நின்று கதையடித்திருக்கிறேன். ஒரு நாளும் உள்ளே உற்றுப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பாய் ஒவ்வொரு வளையமாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே அடுக்காக இருக்கும் சீல் வளையங்களின் ரப்பர் உதடு எண்ணெயைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அது எண்ணெயை வெளியே விடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், வாசலில், ஒரே ஒரு வளையம். அதன் உதடு மட்டும் வெளியே பார்த்துத் திரும்பியிருக்கிறது. பிளேடை ஏற்றி இறக்குகிற தண்டு, அந்த ராடு, சிலிண்டருக்குள் போகும்போதெல்லாம் அதன்மேல் ஒட்டிய மண்ணையும் மணலையும் வழித்து வெளியே தள்ளுவது அதன் வேலை. உனக்கு இதெல்லாம் அ ஆ தான். எனக்கு அப்படியில்லை. அந்த உதட்டை விரலால் தடவிப் பார்த்தேன். என் நகத்தைவிட மெல்லியது.

பிடோக் குன்றை நீயும் நானும் எத்தனை நாள் வாய்பிளந்து பார்த்திருக்கிறோம். போன வருஷம் மாடு மேய்ந்த குன்று, இப்போது பெல்ட்டில் ஏறிக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் நீந்திய இடத்தில் லாரி நிற்கிறது. அந்த மண்ணை நான் என் பிளேடால் தள்ளும்போது, எல்லாம் இன்ஜின் பலம் என்று மார்தட்டிக்கொள்வேன். இப்போது தெரிகிறது. பலம் அந்தக் குழாய்க்குள் இருக்கிற சுத்தமான எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் சுத்தமாக இருப்பது நகத்தின் தடிமன்கூட இல்லாத இந்த உதட்டால். ஒரு குன்றைக் கடலுக்குள் தள்ளுகிற மெஷின், இவ்வளவு சின்ன ஒன்றை நம்பி நிற்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. டிரம்மிலிருந்து விழாமல் இருக்க மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

இனிமேல்தான் உனக்கு வேண்டிய செய்தி. என் மெஷினில் அந்த வாசல் வளையத்தின் உதடு ஒரு பக்கம் உட்புறமாக மடங்கிக் கிழிந்திருந்தது. மடிப்புக்குள் மஞ்சளாக ஏதோ கட்டியாக இருந்தது. பாய் அதைத் துரும்பால் நெம்பி எடுத்து விரலில் வைத்து நசுக்கினார். மணல் நெறுநெறுவென்றது. முகர்ந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். எண்ணெய் நாற்றத்துக்கு அடியில், லேசாக, சந்தன வாசனை.

“இது சாமி குத்தமில்ல லா, மணல் குத்தம்” என்றார் பாய். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

நடந்ததை நீயே யோசித்துப் பார். பூஜையன்று மெஷினைக் கழுவி, முறைப்படி பிளேடைத் தரையில் இறக்கி நிறுத்தினாய். பிளேடு இறங்கினால் ராடு முழுக்க வெளியே வந்துவிடும். சேறும் துருவுமாக இருக்கிற மெஷினில் கண்ணாடி மாதிரி மின்னுகிற இடம் அது ஒன்றுதான். பொட்டு வைக்கிறவன் கை அங்கே போகாமல் வேறெங்கே போகும்? நானாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன். சும்மாவும் வைக்கவில்லை, என்மேல் உள்ள பிரியத்தில் பட்டை பட்டையாக வழித்து வைத்தாய், குங்குமமும் வைத்தாய். மறுநாள் லீவு. கடற்காற்று புதுமணலை வாரி ஈரச் சந்தனத்தில் ஒட்டிவிட்டது. காய்ந்து உப்புத்தாள் ஆகிவிட்டது. லீவு முடிந்து வந்து நான்தான் நெம்புகோலை இழுத்துப் பிளேடைத் தூக்கினேன். ராடு அந்தச் சொரசொரப்போடு உள்ளே போய் உதட்டை மடக்கிவிட்டது. அதற்கப்புறம் நான் வேலை செய்த நேரமெல்லாம் மணல் உள்ளே போய், உள் சீல்களையும் அரித்துத் தின்றிருக்கிறது.

தீட்டுக் கையால்தான் சந்தனம் கெட்டது என்று நீ சொல்வாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? பாய்க்கும் தெரியும். அதனால்தான் அவர் அதோடு நிறுத்தவில்லை. நீ பூஜை போட்ட இன்னொரு மெஷின் அப்போது ஒர்க் ஷாப்பில் கட்டை மேல் பிளேடைத் தூக்கி வைத்தபடி நின்றது, ஞாபகம் இருக்கிறதா? ராடு உள்ளே போயிருந்ததால் அதற்குப் பிளேடில்தான் பொட்டு வைத்தாய். அதைத் திறந்து பார்த்தார். உதடு புதுசு போல இருக்கிறது. படகுத்துறை ஜெட்டிப் பக்கம் நிற்கிற மெஷினுக்கு நீ போகவில்லை, அதை ஓட்டுகிற சுப்பையாதான் குளித்து முழுகிப் பூஜை போட்டான், அவன் வீட்டில் ஒரு தீட்டும் கிடையாது. அவனும் ராடில்தான் வைத்திருக்கிறான். அதையும் திறந்தார். அதே மடிப்பு, அதே மஞ்சள் கட்டி. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் அதுவும் யாரையாவது பதம் பார்த்திருக்கும். உன் பெரியப்பா சாவு, பாவம், அந்த மணலுக்குத் தெரியவே தெரியாது மருதப்பா.

ஆனி உன்னைவிட ஒரு படி மேலே போய்விட்டாள். கழுத்தில் ஜெபமாலையோடு சிராங்கூன் ரோடு கோயில் வாசலில் போய் நின்று, குருக்களைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் தீட்டோடு பூஜை போட்டுவிட்டான், அதற்கு என்ன பரிகாரம் என்று கேட்டிருக்கிறாள். அவர் பெரிய மனிதர், சிரிக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவன் ஓய்ந்திருக்கத்தானம்மா தீட்டு, அடுத்தவன் காலை உடைக்க இல்லை, வந்ததும் ஒரு நெய்விளக்கு ஏற்றச் சொல் என்றாராம். நெய் வாங்கி வைத்துவிட்டாள். அலமாரியில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கம்பெனியில் என்ன ஆயிற்று என்று கேட்பாய். இன்ஜினியர் காரணத்தைக் கேட்டுவிட்டு, இனி சைட்டில் பூஜையே வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். அஜீஸ் பாய்தான் குறுக்கே பேசினார். அவர் தொழுகிற மனிதர், அவருக்கு அதில் என்ன வந்தது? இருந்தும், பூஜையன்றுதான் எல்லோரும் மெஷினைத் தேய்த்துக் கழுவுகிறார்கள், அதை நிறுத்தினால் நமக்குத்தான் நஷ்டம், பொட்டை சிலிண்டரின் பெயின்ட் அடித்த பக்கத்தில் வைக்கட்டும், ராடைத் தொட வேண்டாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்துவிட்டார். இப்போது தினமும் காலையில் இன்ஜின் போடும் முன் ஆபரேட்டர்கள் எண்ணெய் நனைத்த சுத்தத் துணியால் ராடைத் துடைக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் துடைப்பேன் என்கிறான் சுப்பையா. அப்படியே செய்யட்டும் என்று விட்டுவிட்டார் பாய்.

இன்னொரு கூத்து. புதுச் சீல் கப்பலில் வரத் தாமதமானதால், சுங்கை ரோட்டுக் கடைக்காரன் ஒருவன் மலாயா ரப்பரில் வெட்டிய வளையங்களைக் கொண்டுவந்தான். பளபளவென்று அழகாக இருந்தன. நம் நாட்டு ரப்பர், உன் அக்கா வெட்டுகிற மரத்துப் பால் என்று எனக்கு ஒரே பெருமை. பாய் உதட்டைப் பிதுக்கினார். ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ணெயில் போட்டுப் பார் என்றார். ஆனியின் ஊறுகாய் ஜாடி காலியாக இருந்தது. அதில் சிலிண்டர் எண்ணெயை ஊற்றிப் போட்டேன். கொஞ்ச நாளில் ஊறிய உளுந்து மாதிரி உப்பிவிட்டது, அதை வெளியே எடுக்க ஜாடியைச் சாய்த்துக் குலுக்க வேண்டியதாயிற்று. எண்ணெய்க்கென்று செய்த கறுப்பு ரப்பர் வளையத்தைப் போட்டால், போட்டபடியே கிடக்கிறது. முத்தாயி அக்காவிடம் சொல், அவர்கள் பாலில் குற்றம் இல்லை, டயருக்கு அதை அடிக்க ஒன்றும் கிடையாது, எண்ணெய் மட்டும் அதற்கு ஆகாது. ஜாடிக்காக ஆனியிடம் நான் வாங்கிய திட்டை நேரில் சொல்கிறேன்.

இனி என் காலைப் பற்றி. ஆஸ்பத்திரியில் இருந்து எழுதியபோது உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. நீ இருந்த நிலைமையில் சொல்ல மனசு வரவில்லை. இடது பாதத்தில் விரல்களை எடுத்துவிட்டார்கள். காயம் ஆறிவிட்டது. கம்பு ஊன்றி நடக்கிறேன். பிரேக்கை அழுத்த அந்தக் காலுக்கு இனி வலுவில்லை, புல்டோசரில் ஏற முடியாது. இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன், அழுதேன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கடலைத் தள்ளிப்போட்டவன் நான். ஆனால் உன்மேல் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. இதை நீ நம்ப வேண்டும் என்றுதான் மணல், ராடு, உதடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

எனக்கு ஸ்டோரில் வேலை போட்டிருக்கிறார்கள். வருகிற சீல் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, உதட்டில் பிசிறோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்து, தூசி படாமல் பொதிந்து வைப்பது என் வேலை. முன்பெல்லாம் இதை யாராவது செய்யச் சொன்னால் சிரித்திருப்பேன். இப்போது ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது, இது ஒருத்தன் காலைக் காக்கப் போகிறது என்று தோன்றுகிறது. ஆனி சொல்கிறாள், நான் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிற மாதிரி பிடிக்கிறேனாம்.

ஆனால் நான் பார்த்துக் கொடுக்கிற சீலை மாட்டுவதற்கு ஆள் இல்லை. மாட்டுகிறவர்கள் ஸ்குரூ டிரைவரால் குத்தி உள்ளே தள்ளுகிறார்கள். போகும்போதே உதடு கீறிவிடுகிறது. நீ இறைச்சி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சியைச் சீவி, கண்ணாடித் துண்டால் வழவழப்பாக்கி, வளையத்தை வெதுவெதுப்பான எண்ணெயில் நனைத்து, அவரை விதை மாதிரி மடித்து உள்ளே விட்டு, குச்சியால் சுற்றிலும் நீவி விடுவாயே, அந்தக் கை இங்கே ஒருவருக்கும் இல்லை. பாய் அன்று எல்லோர் முன்னாலும் சொன்னார்: “மருதப்பன் கை பட்ட சீல் ஒண்ணாவது லீக் ஆயிருக்கா, சொல்லுங்கடா பார்ப்போம்.” நீ போட்ட பொட்டுதான் மெஷினைக் கெடுத்தது, நீ போட்ட சீல் கெடுக்கவில்லை.

உன் இடத்தைக் கிறிஸ்மஸ் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். அதற்கு மேல் கம்பெனி விடாது, இப்போதே இரண்டு பேர் கேட்டு வந்துவிட்டார்கள். ஆகவே யோசிக்க நேரமில்லை. உன் பாயை ஆனி வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள். மீன் குழம்பில் நடுத்துண்டு இனி உனக்குத்தான், நான் வாதாட மாட்டேன்.

என்றைக்குக் கிளம்புகிறாய் என்று ஒரு தந்தி கொடு. தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்கு நானே வருவேன். ஆனி வேண்டாம் என்கிறாள், நான் கேட்கப் போவதில்லை. கம்பு ஊன்றி வருவதால் எனக்கு நேரமாகும். கூட்டத்தோடு நீ வெளியே போய்விடாதே, இறங்கின இடத்திலேயே நில். நான் உன்னிடம் வந்து சேருவேன். திரும்பி வரும்போது அங்கே படி இருக்கிறது, எனக்குத் தனியாக இறங்க வராது. உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

ஆண்டவரும் உன் அம்மனும் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உன்,
ஆம்ப்ரோஸ்